இணைப்புக் கட்டம்

ஓடுகிறது. நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதே வேகத்தில்தான் ஓடும், இருந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் ஒரு கோப்பு, ஒவ்வொன்றாகக் கம்பைல் ஆகி முடிந்த பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் கட்டம் வரும், போன முறை அங்கேதான் நின்றது. அதற்கு முந்தைய முறையும் அங்கேதான். இந்த முறை நிற்காமல் இருக்க ஒரு பேக்கேஜை எடுத்துவிட்டு அதையே திரும்பப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான், கழற்றிய செருப்பையே மறுபடி மாட்டிக்கொள்வது மாதிரி. முதுகுக்குப் பின்னால் பெல்சியாக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மூச்சு விடுவது கேட்கிறது, அல்லது அது ஃபேன் சத்தமா, தெரியவில்லை, திரும்பிப் பார்த்தால் அவள் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே கடல் ஒன்றுமே நடக்காதது போல் கிடக்கிறது, காற்று இல்லை, மேகம் மட்டும் இருக்கிறது. புயல் இங்கே இல்லை, மேற்கே லட்சத்தீவுப் பக்கம் இருக்கிறது. நேற்று வரை வடக்கே போகும் என்று சொன்ன புயல் இன்று காலையில் திசை மாற்றிவிட்டது, எங்கள் ஊர்ப் படகுகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் தங்கல் மீன்பிடிக்க, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருக்கின்றன. ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னக் கருவி உண்டு, தான் இருக்கும் இடத்தை அது சாட்டிலைட் வழியாக அனுப்பும், மீனவர் சங்கத்து மாடியில் இருக்கிற இந்தப் பெட்டிக்குள் அது டேட்டாபேஸில் போய் உட்காரும், நான் அதைத் திரையில் வரைபடத்தின் மேல் புள்ளியாகக் காட்டுவேன். அதுதான் என் வேலை. யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள். இன்று அந்த ஒரு கேள்விக்குத்தான் பெட்டி பதில் சொல்ல மாட்டேன் என்கிறது.

ராத்திரி கரண்ட் போய் வந்தது, பெட்டி தானாக மறுபடி எழுந்தது, எழும்போது பல நாளாகக் காத்திருந்த அப்டேட் ஒன்று உள்ளே புகுந்துவிட்டது. காலையில் நான் வந்து பார்த்தபோது வரைபடம் வெறுமையாக இருந்தது, ஒரு புள்ளி கூட இல்லை, வெறும் நீலம். டேட்டாபேஸ் எழுந்துதான் இருந்தது, ஆனால் அதற்குள் இடக்கணக்கு பார்க்கிற துணை நிரல் எழவில்லை. அது தனியாக நிற்காது, கோடு, தூரம், வடிவம் எல்லாம் கணக்குப் போடுகிற இன்னொரு லைப்ரரியின் மேல் ஏறித்தான் நிற்கும், அப்டேட் அந்த லைப்ரரியை மாற்றிவிட்டது, கீழே இருந்தது மாறியதும் மேலே இருந்தது விழுந்துவிட்டது. புதிய லைப்ரரிக்கு ஏற்ற மாதிரி துணை நிரலை மூலத்திலிருந்து திரும்பக் கம்பைல் பண்ண வேண்டும், அவ்வளவுதான், படிக்கும்போது லேபில் எத்தனை தடவை பண்ணியிருக்கிறோம், அப்போது தப்பாகிப் போனால் கேண்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பண்ணுவோம். இன்று கீழே மாதா கோயில் மைக்கில் படகுப் பெயர்களை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். சாட்டிலைட் போனில் தகவல் கிடைத்து, கரைக்குத் திரும்புகிறோம் என்று பதில் சொன்ன படகுகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயர் வாசித்ததும் கீழே கூட்டத்தில் ஒரு அசைவு கேட்கிறது, யாரோ அழுகிற மாதிரி, யாரோ சிரிக்கிற மாதிரி. அடைக்கல அன்னை என்ற பெயரை இன்னும் வாசிக்கவில்லை. அந்தப் படகு ஒன்றுதான் போனை எடுக்கவில்லை, அதன் கருவியும் நேற்றிலிருந்து பேசவில்லை. அதன் டிரைவர் ததேயு. ததேயுவின் மனைவிதான் என் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

டென்சிங் அண்ணன் காலையில் வாசலில் நின்று சொன்னது மறுபடி மறுபடி காதில் வருகிறது. அடுத்த அறையில் போனையும் வயர்லெஸ்ஸையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர். குரலை உயர்த்தவே மாட்டார், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி மக்களே என்றுதான் என்னைக் கூப்பிடுவார். "மக்களே, கடைசியா நின்ன எடம் மட்டும் சொல்லு. பக்கத்துல எந்தப் போட்டு நிக்குன்னு சொன்னா போதும். அவனுவ வயர்லெஸ்ஸுல கூப்பிட்டுப் பாப்பானுவ, மிச்சத்த நான் பாத்துக்குதேன்." படகுக்குப் படகு பேசுகிற அந்த வயர்லெஸ் கொஞ்ச தூரம்தான் எட்டும், அதனால் பக்கத்தில் இருப்பவன் யாரென்று தெரிய வேண்டும், சும்மா எல்லாப் படகுகளையும் கூப்பிட்டுத் தேடச் சொல்ல முடியாது, திரும்பி வருகிறவனைப் புயலுக்குள் திரும்பிப் போ என்று யார் சொல்வது. நான் சரி அண்ணா, இப்ப வந்துரும் என்று சொன்னேன். இப்ப என்று ஏன் சொன்னேன். நேரம் போகப் போக அந்த இப்ப எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. கடைசி இடம் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, நேற்று வந்து உட்கார்ந்தது, தொலையவில்லை, அழியவில்லை, காலையில் முதல் வேலையாக டேட்டா முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவைத்தேன். அது இருக்கிறது. ஆனால் துணை நிரல் எழுந்தால்தான் அது வாயைத் திறக்கும். வாய் திறக்காத ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிதில்லை. அப்பா.

வேண்டாம், இப்போது அப்பா வேண்டாம். வரிகள் வேகமாக ஏறுகின்றன, கடைசிக் கோப்புகள் வந்துவிட்டன, மஞ்சளில் இரண்டு எச்சரிக்கை, அதைப் பற்றிக் கவலையில்லை, எச்சரிக்கை வந்தாலும் ஓடும், சிவப்பு வரக்கூடாது, சிவப்பு வரக்கூடாது. அப்பா அந்தப் பெரிய புயலில் திரும்பி வந்தவர். நான் அப்போது பள்ளிக்கூடம். கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் இன்னொருவரும் மிதந்திருக்கிறார்கள், அந்த இன்னொருவர் பனிதாசன் அண்ணன், பெல்சியாக்காவின் உடன்பிறந்த அண்ணன். கப்பல் ஒன்று வந்து தூக்கியபோது அப்பா மட்டும்தான் இருந்தார். அதுவரைதான் எங்களுக்குத் தெரியும். அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் பெல்சியாக்காவும் அவள் அம்மாவும் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார்கள், ஒன்றும் கேட்கவில்லை, நின்றார்கள், அப்பா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அவர்கள் வாங்கவில்லை. அதன் பிறகு அவள் எங்களிடம் பேசியதில்லை. கோயிலில் பார்த்தால் வேறு பக்கம் பார்ப்பாள், கடையில் பார்த்தால் வெளியே இறங்கிவிடுவாள். மற்ற வீட்டுப் பெண்களும் எங்களைப் பார்ப்பார்கள், திட்டவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் திரும்பி வந்தவனின் வீடு என்று ஒரு பார்வை உண்டு, அது எங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் மாதிரி ஏறி நின்றது. அப்பா இப்போதும் பேசுவதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவார், குளி என்றால் குளிப்பார், கடல் பக்கம் முகம் திருப்ப மாட்டார். நான் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் அப்பா என்று ஊரில் நினைக்கிறார்கள், இருக்கலாம், எனக்கே தெரியாது, வீட்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை வேறு எதுவும் இல்லை என்பதும் உண்மைதான்.

சிவப்பு. நின்றுவிட்டது. அதே இடம், அதே வரி. இணைப்புக் கட்டத்தில் அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ். ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், அந்தப் பெயருக்கு உரியது எங்கேயும் இல்லை என்று அர்த்தம். நான் கையைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். சோப்பு வாசனையும் வியர்வை வாசனையும். திரையைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமோ தெரியாதோ, சிவப்பு எல்லோருக்கும் தெரியும்.

"இதுக்குள்ள அவரு இருக்காரா?" என்று கேட்டாள்.

என்னிடம் அவள் பேசி எத்தனையோ வருஷம். குரல் நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"கடைசியா எங்க நின்னாங்கன்னு இருக்குக்கா. தொறக்கத்தான் முடியல."

அவள் மறுபடி போய் உட்கார்ந்தாள். பொய் சொல்லியிருக்கலாமோ, இப்ப வந்துரும் என்று டென்சிங் அண்ணனிடம் சொன்ன மாதிரி இவளிடமும் சொல்லியிருக்கலாமோ, இவளிடம் மட்டும் ஏன் வாயில் வரவில்லை. யோசி. யோசி ஜெனோவா. பெயர் இல்லை என்கிறது. ஆனால் புதிய லைப்ரரியில் அந்தப் பெயர் இருக்கிறது, நானே திறந்து பார்த்தேன், இருக்கிறது. இருக்கிற ஒன்றை இல்லை என்று சொன்னால் அது வேறு எங்கேயோ தேடுகிறது என்று அர்த்தம். வேறு எங்கே. ஒரு பெட்டியில் ஒரே லைப்ரரி இரண்டு இடத்தில் இருந்தால். பெட்டி முழுவதும் அந்த லைப்ரரியின் பெயரில் எத்தனை கோப்பு இருக்கிறது என்று தேடச் சொன்னேன், டிஸ்க் கரகரவென்று சுற்றியது, முதலில் புதியது வந்தது, சரி, அது தெரிந்ததுதான், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் இன்னொரு வரி. லோக்கல் என்ற ஃபோல்டருக்குள் இன்னொன்று. பழையது. யாரோ கையால் கம்பைல் பண்ணிப் போட்டது. கம்பைலர் விளக்கம் வாசிக்கும்போது புதியதன் தலைப்புக் கோப்பை வாசிக்கிறது, இணைக்கும்போது கை பழையதன் மேல் போய் விழுகிறது, புதியதில் இருக்கிற பெயரைப் பழையதில் தேடினால் எப்படி இருக்கும். கல்யாண வீட்டு அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு வேறு ஊர் மண்டபத்தில் போய் நிற்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், பின்னால் அவள் இருக்கும்போது சிரித்தால் என்ன நினைப்பாள்.

அழித்துவிடலாம். ஒரே ஒரு கட்டளை, பழையது போய்விடும், பிறகு புதியது மட்டும்தான். விரல் அந்தக் கட்டளையை அடித்து முடித்துவிட்டது, எண்டர் மட்டும் பாக்கி. ஏன் அழுத்தவில்லை. யாரோ காரணத்தோடுதான் போட்டிருப்பார்கள் என்று ஒரு நினைப்பு. யாரோ என்ன யாரோ, எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த பிரைட்டன்தான், இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். காரணம் இல்லாமலும் போட்டிருப்பான், அவன் அப்படித்தான், ஒன்று ஓடவில்லை என்றால் இன்னொன்றைப் போடுவான், ஓடியதும் எழுந்து போய்விடுவான். ஆனால் அதன் மேல் வேறு எதுவாவது நின்றுகொண்டிருந்தால். எது நிற்கும். கீழே மைக்கில் இன்னொரு படகின் பெயர், ஸ்டெல்லா, கூட்டத்தில் அசைவு. பிரைட்டனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அங்கே வெயிலில் எந்தக் கூரை மேல் கேபிள் இழுத்துக்கொண்டு நிற்கிறானோ. அழுத்திவிடலாமா. அழுத்தினால் அரை மணியில் முடிந்துவிடும். அழுத்தாமல் இருந்தால் இந்த அரை மணியும் போகும். ததேயு அண்ணன் இந்த அரை மணியில் எந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டிருப்பார், மீன் நன்றாகப் படுகிறது என்று இன்னும் மேற்கே போயிருந்தால், அவருக்குப் புயல் திரும்பியது எப்படித் தெரியும், வானத்தைப் பார்த்தால் தெரியுமா, அப்பாவுக்குத் தெரியவில்லையே. மூன்றாவது முறை அடித்தேன். எடுத்தான்.

சத்தமான இடம், ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன், வேகமாகச் சொன்னேன், பாதியிலேயே அவன் நிறுத்தினான்.

"அதத் தொட்றாத. சாட்டிலைட்டுல இருந்து வாறத வாங்குற புரோகிராம் இருக்குல்லா, ரிசீவர், அது அந்தப் பழையது மேலதான் நிக்குது. அத எடுத்தா வாறதும் நின்னுரும்."

"அப்பம் நான் என்ன செய்ய?"

"ரெண்டும் இருக்கட்டும். எவன் எதப் பாக்கணும்னு நீதான் வழி சொல்லிக் குடுக்கணும்."

அவன் வேறு என்னவோ கேட்டான், யார் படகு என்று, நான் சொன்னதும் வை, வேலையப் பாரு என்றான். அடித்து வைத்த கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். எண்டரை அழுத்தியிருந்தால். காலையிலிருந்து மற்ற எல்லாப் படகுகளும் அனுப்பிக்கொண்டிருக்கிற செய்திகளை ரிசீவர் வாங்கி வாங்கி வரிசையில் வைத்திருக்கிறது, டேட்டாபேஸ் திறந்ததும் கொடுக்கலாம் என்று, அதுவும் போயிருக்கும், ஒரு படகைத் தேடப் போய் எல்லாப் படகையும் குருடாக்கியிருப்பேன். தண்ணீர் குடிக்க வேண்டும், பாட்டில் பெல்சியாக்காவின் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வேண்டாம். வழி சொல்லிக் கொடு. புதிய லைப்ரரி இருக்கும் இடத்தை முழுப் பாதையாக எழுதினேன், இணைக்கும்போதும் இதைத்தான் பார், ஓடும்போதும் இதைத்தான் பார், பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காதே. ஓடவிட்டேன். ஓடியது. மிக வேகமாக ஓடியது, கண்ணிமைக்கும் முன்னால் இணைப்புக் கட்டம். சிவப்பு. அதே வரி.

கத்தியிருப்பேன் போல, நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது, ஆனால் கத்தவில்லை, உதட்டைக் கடித்திருக்கிறேன், உப்பாக இருந்தது. பாதை சரி, எழுத்துப் பிழை இல்லை, மூன்று தடவை வாசித்தேன், சரிதான், பிறகு ஏன். டென்சிங் அண்ணன் வாசலுக்கு வந்து நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தது, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார், கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா அந்தக் கதவைச் சாத்தியபோது உள்ளே என்ன செய்தார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது, இத்தனை நாளும் தோன்றவில்லை, அவர் ஓடி ஒளிந்தார் என்றுதான் நினைத்திருந்தேன், ஒருவேளை சொல்ல வேண்டியதை எங்கே தேடுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து நின்றிருப்பாரோ, உள்ளே இருக்கிறது, தொலையவில்லை, வாய்க்குத்தான் வரவில்லை. ஏன் அவ்வளவு வேகமாக ஓடியது. போன முறை அரை மணி எடுத்தது. இந்த முறை ஏன் வேகம். ஏனென்றால் அது ஒன்றையும் புதிதாகச் செய்யவில்லை. காலையில் பழைய குழப்பத்தோடு செய்து வைத்த துண்டுகள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன, இதுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று அதையே எடுத்து ஒட்டிவிட்டது, பாதையைக் கூட எங்கேயோ நினைவில் வைத்திருந்து பழையதையே எடுத்திருக்கிறது. எல்லாவற்றையும் துடை. நான் அந்த ஃபோல்டரையே விட்டுவிட்டேன், மூலக்கோப்பை வேறு ஒரு வெறும் ஃபோல்டரில் புதிதாக விரித்தேன், முதலிலிருந்து, முதல் வரியிலிருந்து.

மெதுவாக ஓடுகிறது. மெதுவாக ஓடுவது நல்லது, மெதுவாக ஓடினால் உண்மையாகவே செய்கிறது. இந்த அரை மணியில் செய்ய ஒன்றும் இல்லை. பெல்சியாக்கா ஜெபமாலை வைத்திருக்கிறாள் என்று இப்போதுதான் கவனித்தேன், மணிகள் உருள்கிற சத்தம், ஆனால் உதடு அசைகிற சத்தம் இல்லை. கீழே மைக் நின்றுவிட்டது. வாசிக்கப் பெயர் இல்லை போல. இன்னும் வராதது ஒன்றே ஒன்று, அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் கீழே யாரும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால் கவிழ்ந்த படகின் அடிப்பக்கம் வருகிறது, நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் வருகிறது, பாசி வழுக்குகிறது, இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள், ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தூங்கிவிடாதே என்று, அப்புறம் ஒரு குரல் மட்டும். கண்ணைத் திறந்தேன். இணைப்புக் கட்டம். வரி நின்றிருந்தது. கர்சர் மின்னியது. சிவப்பு இல்லை. மஞ்சளும் இல்லை. அடுத்த வரி வந்தது, அடுத்தது, முடிந்தது என்று ஒரு வரி, பிறகு ஒன்றும் இல்லை, கட்டளைக்காகக் காத்திருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை, எதன் மேல் நிற்கிறாய் என்று கேட்டுப் பார்த்தேன், புதியதன் மேல் என்றது, ரிசீவரைக் கேட்டேன், அது தன் பழையதன் மேலேயே நின்றது. நிறுவினேன், டேட்டாபேஸை எழுப்பினேன். வரைபடத்தின் நீலத்தில் ஒரு புள்ளி விழுந்தது. அப்புறம் இரண்டு, அப்புறம் ரிசீவர் பிடித்து வைத்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே கொட்டியது, புள்ளிகள் துள்ளித் துள்ளிக் காலையிலிருந்து வந்த தூரத்தைக் கடந்தன, எல்லாம் கிழக்கே, கரைப் பக்கம். ஒன்று மட்டும் அசையவில்லை, நேற்றைய இடத்தில் சாம்பல் நிறத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில் யார் என்று பெட்டியைக் கேட்டேன். காருண்யா. மற்றவர்களைவிடப் பின்தங்கி வந்துகொண்டிருக்கிற படகு. "டென்சிங் அண்ணா" என்று கூப்பிட்டேன்.

அவர் இடத்தை எழுதிக்கொண்டு போய்க் காருண்யாவுக்குப் போன் போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவது கேட்டது, திரும்பத் திரும்ப அதே எண்கள், சேனல் மாத்திக் கூப்பிடு, சத்தமா கூப்பிடு. பிறகு போனை வைத்தார். பெல்சியாக்கா எழுந்து நின்றிருந்தாள். நானும் எழுந்து நின்றிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. நேற்று நின்ற இடம் அது, இன்று அங்கே இருப்பார்கள் என்று என்ன நிச்சயம், வயர்லெஸ் எட்டாத தூரத்துக்குப் போயிருந்தால், போயிருக்கக் கூட வேண்டாம், காது கேட்க ஆள் இல்லாமல் இருந்தால். நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை, அவளுக்கும் அது தெரியும், இந்த ஊரில் இதெல்லாம் யாருக்குத் தெரியாது. போன் ஒரு முறை அடித்தது. டென்சிங் அண்ணன் ம், ம் என்றார். பிறகு எழுந்து வந்து கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கிட்டியாச்சு. ததேயு பேசினான். பேட்டரி போயி எல்லாம் ஆஃப் ஆயிருக்கு, வயர்லெஸ்ஸ இப்பம்தான் என்னமோ செஞ்சு ஓட வச்சிருக்கானுவ. புயலுக்க வாய்க்கே மேக்க ஓடிட்டு இருந்தானுவ. திருப்பியாச்சு. காருண்யா நின்னு கூட்டிட்டு வருது."

அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. நான் பாட்டிலை எடுத்து நீட்டினேன், வாங்கிக் குடித்தாள், பாதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள், நான் மிச்சத்தைக் குடித்தேன். கீழே மைக்கில் அடைக்கல அன்னை என்று வாசித்ததும் எழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் கீழே போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள், காருண்யாவின் புள்ளி எது என்று கேட்டாள், காட்டினேன், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று இன்னும் அவர்களை எட்டிப் பிடிக்கலாம், அவர்கள் கரையேற வேண்டிய கொச்சி இன்னும் தூரம், அதுவும் அவளுக்குத் தெரியும். புள்ளி ஒரு முறை நகர்ந்தது, கிழக்கே, ஒரு அரிசி அளவு. அப்போது திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எங்க அண்ணன் கடைசியா என்ன சொன்னான்னு உங்க அப்பாட்ட கேக்கணும். நான் வந்து கேட்டா சொல்லுவாரா?"

தெரியாது. அம்மா கேட்டதில்லை, நான் கேட்டதில்லை, கதவைத் தட்டினால் திறப்பாரா என்று பார்க்கக்கூட நாங்கள் துணியவில்லை, நாங்கள் பாதுகாத்தது அவரையா எங்களையா. சொல்லுவார் என்று சொன்னால் அதுவும் இன்னொரு ‘இப்ப வந்துரும்’ ஆகிவிடும்.

"தெரியலக்கா," என்றேன். "ததேயு அண்ணன் கரைக்கு வரட்டும். வந்த பொறவு வாங்க. கதவ நான் தட்டுதேன்."

அவள் தலையசைத்தாள். புள்ளி அடுத்த முறை நகர்வதற்காக இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.